மாணவன் மனமறிந்து கற்பித்தோர்: தமிழ்த் தாத்தா உ. வே. சா. பெற்ற இளமைக் கல்வி

திருத்தக்க தேவர் அருளிய சீவக சிந்தாமணி, நச்சினார்க்கினியர் உரையுடன் முழுமையாக அச்சேறி வெளிவந்த ஆண்டு 1887. அதனைப் பதிப்பித்துத் தந்தவர் மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் என்பதைத் தமிழ்ச் சமணர் எவரும் மறந்திலர். நூல் வாசிக்கும் வழக்கமுள்ள நம் இல்லங்களில் அவர் பெயர் நன்றியுடன் சொல்லப்பட்டு வருகிறது. ஆயினும், அவரை அப்பணிக்கு உரியவராக ஆக்கிய தொடக்ககால ஆசிரியர்களை நினைப்பவர் சிலரே. அவர்களுட் பலர் அரியலூரிலும் பெரம்பலூர்ப் பக்கத்துச் சிற்றூர்களிலும் வாழ்ந்தவர்கள். பட்டமோ பதவியோ பெறாதவர்கள். தம்மிடம் வந்த ஒரு சிறுவனின் விருப்பம் எது, ஆற்றல் எவ்வளவு என்பதைக் கண்டறிந்து, அதற்கேற்பக் கற்பித்தார்கள். அக்கல்வியின் பயனை நாமும் இன்றுவரை நுகர்ந்து வருகிறோம். எனவே ஐயரவர்களின் வரலாற்றை அவருடைய ஆசிரியர்களின் வழியாக இங்கே காண்போம்.

குடும்பமும் திண்ணைப் பள்ளியும்

ஐயரவர்கள் 1855ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள் பிறந்தார். சொந்த ஊர் தஞ்சை நாட்டில் பாபநாசத்தை அடுத்த உத்தமதானபுரம். தந்தையார் வேங்கடசுப்பையர், தாயார் சரசுவதி அம்மாள். பெற்றோர் இட்ட பெயர் வேங்கடராமன் என்பது. வீட்டில் சாமிநாதன் என்று அழைத்தனர். பிற்காலத்தில் அப்பெயரே நிலைத்தது.

தந்தையார் இசை வல்லுநர். உடையார்பாளையம் சமீனின் ஆதரவில் விளங்கிய கனம் கிருஷ்ணையரிடம் இசை பயின்றவர். ஊர்தோறும் சென்று இராமாயணச் சொற்பொழிவு செய்வதும், அருணாசலக் கவிராயரின் இராமநாடகக் கீர்த்தனைகளைப் பாடுவதுமே அவர்தம் வாழ்க்கைக்கு வழியாக இருந்தன. அரியலூர் சமீனின் ஆதரவும் ஒரு காலத்தில் அவருக்குக் கிடைத்தது. அது குறைந்தபின் வறுமை தொடர்ந்தது. இன்று அரியலூர், பெரம்பலூர் என்னும் இரு மாவட்டங்களாக விளங்கும் பகுதிகள் அக்காலத்தில் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தன. மழையை நம்பிய புன்செய் நிலம் மிகுந்த பகுதி அது. அங்குள்ள குடியானவர்களும் நிலக்கிழார்களும் தந்த தானியமும் உறைவிடமும் அக்குடும்பத்தைத் தாங்கின.

அக்காலக் கல்வி திண்ணைப் பள்ளிகளில் நடந்தது. மணலில் எழுத்தெழுதிப் பழகுதல், ஓலைச்சுவடியில் ஆத்திசூடி முதலிய நீதிநூல்களை ஓதுதல், எண்சுவடியை மனப்பாடம் செய்தல் ஆகியவை அங்கே பாடங்கள். பிரம்பும் கடுமையும் அப்பள்ளிகளில் மிகுதி. ஆனால் வேறொரு சிறப்பும் அவற்றுக்கு உண்டு. ஒரே திண்ணையில் ஐந்து வயதுச் சிறுவனும் பன்னிரண்டு வயதுச் சிறுவனும் அமர்ந்திருப்பர். ஒவ்வொருவர் கையிலும் உள்ள ஏடு வேறு, பாடம் வேறு. ஒருவன் தன் சுவடியை முடித்த பின்னரே அடுத்ததைத் தொடுவான். முன்னே சென்றவன் பின்னே வருபவனுக்குச் சொல்லிக்கொடுப்பான். இந்த ஏற்பாட்டின் நன்மை, அதனை நடத்தும் ஆசிரியரின் கனிவைப் பொறுத்தே அமைந்தது.

சாமிநாதனைத் தம்மைப்போல் இசை வல்லவனாக்க வேண்டுமென்பது தந்தையாரின் விருப்பம். வடமொழியும் தெலுங்கும் கற்கவேண்டுமென்று வீட்டிலுள்ளோரும் உறவினரும் விரும்பினர். இம்மைக்கு ஆங்கிலமும் மறுமைக்கு வடமொழியும் உதவும், தமிழால் எப்பயனும் இல்லை என்று கூறியோரும் உண்டு. சிறுவனின் மனமோ அவற்றிலெல்லாம் ஊன்றவில்லை. தமிழ்ப் பாட்டைக் கேட்டபோது மட்டும் அது தானாகவே சென்று நின்றது. இதனைத் தந்தையார் மெல்லக் கண்டுகொண்டார். கண்டுகொண்டபின் தம் விருப்பத்தை அவன்மேல் சுமத்தாது, அவனுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பார் யார் என்று தேடத் தொடங்கினார். வறியவரான தந்தை ஒருவர் இத்தகைய முடிவெடுப்பது அக்காலத்தில் எளிதன்று.

அரியலூர்ச் சடகோபையங்கார்

அரியலூரில் வாழ்ந்த சடகோபையங்கார் தமிழும் இசையும் அறிந்த வைணவப் பெரியார். செல்வம் இல்லாதவர், புலமையை மறைக்காது வழங்கும் உள்ளம் உடையவர். சாமிநாதன் அவரிடம் பாடம் கேட்கச் சென்றான். இசைக் குடும்பத்துப் பிள்ளை என்பதை அவர் அறிவார். பாட்டின் ஓசையிலே அவன் ஈடுபடுகிறான் என்பதையும் கண்டார். ஆதலால் செய்யுளை முதலில் இனிய குரலில் இராகத்துடன் பாடிக்காட்டி, அதன்பின் சொல்லுக்குச் சொல் பொருள் விரித்துச் சுவையை உணர்த்தினார். காதின் வழியாகப் புகுந்த தமிழ் கருத்தில் தங்கியது.

சுவடியை ஒப்பித்தல் ஒன்றே கல்வி என்று கருதப்பட்ட அந்நாளில், செய்யுள் என்பது அனுபவிக்கத்தக்கது என்னும் உண்மையை அச்சிறுவன் அங்கேதான் அறிந்தான். தமக்கு முதன்முதலில் தமிழ்ச் சுவையை ஊட்டியவர் சடகோபையங்காரே என்று ஐயரவர்கள் முதுமையில் எழுதிய தம் வரலாற்றில் நன்றியுடன் குறித்திருக்கிறார். மகனுக்கு இசை வேண்டும் என்ற தந்தையின் விருப்பமும், தமிழ் வேண்டும் என்ற மகனின் விருப்பமும் ஒன்றோடொன்று மோதாமல், ஒன்றுக்கொன்று துணையாகும்படி செய்த பெருமை அப்பெரியாருக்கு உரியது.

குன்னம் முதல் செங்கணம் வரை

அரியலூரை விட்டபின் அக்குடும்பம் குன்னம் என்னும் ஊரில் தங்கியது. இன்று அது பெரம்பலூர் மாவட்டத்தில் ஒரு வட்டத்தின் தலைநகர். அங்கே சிதம்பரம் பிள்ளை என்பவர் திருவிளையாடற் புராணத்தைப் பாடம் சொன்னார். தனிப்பாட்டுகளிலும் சிறு நூல்களிலும் பழகிய மாணவனுக்கு, கதைத் தொடர்புடைய பெருங்காப்பியத்தை இடையறாது கேட்கும் பயிற்சி அதனால் உண்டாயிற்று.

பின்னர்க் கார்குடியில் கஸ்தூரி ஐயங்கார் நன்னூல் கற்பித்தார். சுவையில் திளைத்த மனத்துக்கு இலக்கணம் வறண்டதாகத் தோன்றுவது இயல்பு. ஆயினும் முன்னரே ஏராளமான செய்யுட்களை அறிந்திருந்தமையால், சூத்திரம் கூறும் விதிக்கு எடுத்துக்காட்டு மாணவன் மனத்திலேயே கிடைத்தது. முதலில் விருப்பம், அதன்பின் விதி என்ற முறை தானாகவே அமைந்துவிட்டது.

பெரம்பலூர்ப் பக்கத்துச் செங்கணத்தில் வாழ்ந்த விருத்தாசல ரெட்டியார் உழவுக் குடியில் தோன்றிய தமிழறிஞர். அவர் யாப்பருங்கலக் காரிகையைக் கற்பித்தார். இப்பகுதியில் காரை கிருஷ்ணசாமி ரெட்டியார் முதலிய தமிழன்பர்களின் ஆதரவும் அக்குடும்பத்துக்கு வாய்த்தது. எந்த ஊரில் மகனுக்குப் பாடம் சொல்லும் புலவர் இருக்கிறாரோ, அந்த ஊரில் தந்தையார் சொற்பொழிவு தொடங்குவார். ஊரார் உணவுக்கும் இருப்பிடத்துக்கும் வழி செய்வர். அங்கே கற்க வேண்டியது முடிந்ததும் குடும்பம் அடுத்த ஊருக்குப் பெயரும். மாணவனின் நிலைக்கேற்ப ஆசிரியரை மாற்றிக்கொண்டே சென்ற கல்வி அது.

அந்த ஆசிரியர்களிடம் மற்றொரு பெருங்குணமும் இருந்தது. தம்மால் எவ்வளவு கற்பிக்க இயலும் என்பதை அறிந்திருந்தார்கள். இம்மாணவனுடைய வேட்கைக்குத் தம் கல்வி போதாது என்று கண்டபோது, அதனை ஒளிக்காமல் சொன்னார்கள். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் சென்றாலன்றி இவன் கல்வி நிறைவுறாது என்று விருத்தாசல ரெட்டியார் தந்தையாருக்கு எடுத்துரைத்தார். நல்ல மாணவனைத் தம்மிடமே வைத்துக்கொள்ளும் ஆசை ஆசிரியருக்கு எழுவதுண்டு. அதனை வென்று, மேலான ஆசிரியரிடம் அனுப்பி வைப்பதும் ஒருவகை அபரிக்கிரகமே.

பவணந்தியார் வகுத்த நெறி

இங்கே நம் வாசகர்கள் எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. கார்குடியில் கற்ற நன்னூல் பவணந்தி முனிவர் இயற்றியது. செங்கணத்தில் கற்ற யாப்பருங்கலக் காரிகை அமிதசாகரர் இயற்றியது. இருவரும் சமண முனிவர்கள். வைணவரான ஐயங்காரும் உழவரான ரெட்டியாரும், சைவ வழிபாட்டுச் சூழலில் வளர்ந்த ஓர் அந்தணச் சிறுவனுக்குச் சமண நூல்களைக் கற்பித்தனர். கல்விக்கு வேலியில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

அது மட்டுமன்று. கற்பித்தல் எப்படி இருக்க வேண்டும் என்பதையே பவணந்தியார் நூலின் பாயிரத்தில் வகுத்துள்ளார். ஆசிரியன் இடமும் காலமும் நோக்க வேண்டும். சொல்லப்போகும் பொருளை முன்னரே தன் உள்ளத்தில் அமைத்துக்கொள்ள வேண்டும். விரையாமலும் வெகுளாமலும் முகமலர்ந்து சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பெறுபவன் எவ்வகையால் ஏற்றுக்கொள்ள வல்லவன் என்பதை அறிந்து, அவன் உள்ளத்திற் பதியும்படி தர வேண்டும். மாணாக்கர் பலவகையினர் என்பதையும் அன்னம், பசு, கிளி, ஓட்டைக்குடம், எருமை முதலிய உவமைகளால் அவர் விளக்கினார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுந்த இந்த நெறி, இன்று கல்வியாளர் உலகெங்கும் பேசும் கருத்துக்கு முன்னோடி. ஒரே பாடத்தை ஒரே வேகத்தில் எல்லார்மேலும் பொழிவது கற்பித்தலாகாது என்பதே அதன் சாரம். அச்சூத்திரங்களைச் சாமிநாதன் ஏட்டிலே படித்தான். அவற்றின் பொருளைத் தன் ஆசிரியர்களின் நடத்தையிலே கண்டான்.

மாயூரத்துத் தோட்டம்

1871ஆம் ஆண்டில், பதினேழாம் வயதில், சாமிநாதன் மாயூரத்தில் பிள்ளையவர்களைச் சென்றடைந்தான். திரிசிரபுரம் மகாவித்துவான் என்று புகழ்பெற்ற அவர் 1815இல் பிறந்தவர், திருவாவடுதுறை ஆதீன வித்துவான். சாதி, சமய வேறுபாடு கருதாது பலருக்கும் பாடம் சொன்னவர். முதற் சந்திப்பிலேயே நைடதச் செய்யுட்களைச் சொல்லச் செய்து மாணவனின் தகுதியை ஆராய்ந்தார். கற்பதாக வந்து சின்னாளில் நீங்கியோர் பலரைக் கண்டவராதலின், எளிதில் இசைவு தரவில்லை. இசைந்தபின், தம் மாணாக்கரும் கிறித்தவருமான சவேரிநாத பிள்ளையிடம் தொடக்கப் பாடம் கேட்கும்படி ஏற்பாடு செய்தார். மூத்த மாணவர் இளையவருக்குக் கற்பிப்பது அங்கே வழக்கம்.

சாமிநாதனுக்கோ பிள்ளையவர்களிடமே நேராகப் பாடம் கேட்க வேண்டும் என்ற ஏக்கம். அதனை வாய்விட்டுச் சொல்லத் துணிவில்லை. பிள்ளையவர்கள் தம் வீட்டுத் தோட்டத்தில் வேறிடத்திலிருந்து வேரோடு பெயர்த்துவந்த மரங்களை நட்டிருந்தார். நாள்தோறும் விடியலில் தோட்டத்துக்குச் சென்று, எந்த மரம் தளிர்த்திருக்கிறது என்று ஆவலோடு பார்ப்பார். இதனைக் கவனித்த மாணவன், அவருக்கு முன்பே எழுந்து மரந்தோறும் சென்று, புதிய தளிர் விட்ட இடங்களைப் பார்த்து வைத்துக்கொண்டு அவருக்குக் காட்டினான். ஆசிரியர் மகிழ்ந்தார். அந்த அன்பின் வழியே நேர்ப்பாடமும் தொடங்கிற்று. பெயர்த்து நட்ட மரம் ஒவ்வொன்றும் வேர்பிடித்ததா என்று தனித்தனியே நோக்கியவர், வெவ்வேறு ஊர்களிலிருந்து பெயர்ந்து வந்த மாணாக்கர்களையும் அவ்வாறே நோக்கினார். சாமிநாதனின் வேகத்தைக் கண்டபின் அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை எனப் பிரபந்தம் பிரபந்தமாகத் தடையின்றிக் கற்பித்தார்.

பேராசிரியரிடத்தும் ஒரு வரம்பு இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. பிள்ளையவர்களுக்கு இசையில் நாட்டமில்லை. மாயூரத்தில் வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் மாணவன் இசை பயின்றுவந்ததை அவர் விரும்பவில்லை. இலக்கியப் பயிற்சிக்கு அது இடையூறாகும் என்பது அவர் எண்ணம். மாணவன் அதனை உணர்ந்து இசைப் பயிற்சியை நிறுத்திக்கொண்டான். அரியலூரில் ஒன்றாயிருந்த இரண்டும் மாயூரத்தில் பிரிந்தன. எனினும், இளமையில் ஊன்றிய இசை அழியவில்லை என்பதைப் பின்னர்க் காண்போம்.

1876ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாளில் பிள்ளையவர்கள் மறைந்தார். அதன்பின் ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரின் ஆதரவில் ஐயரவர்கள் கற்றும் கற்பித்தும் வந்தார்.

ஆசிரியர் மீண்டும் மாணவரானார்

1880ஆம் ஆண்டில், தியாகராச செட்டியார் ஓய்வு பெற்ற இடத்தில், கும்பகோணம் அரசினர் கல்லூரியின் தமிழாசிரியராக ஐயரவர்கள் அமர்ந்தார். ஆங்கிலக் கல்வியில் மூழ்கிய மாணவர்கள் தமிழ் வகுப்பைப் பொருட்படுத்தாத காலம் அது. அவர்களைத் தம்பால் ஈர்க்க அவருக்குக் கைகொடுத்தது, சடகோபையங்கார் காட்டிய வழியே. செய்யுளை இசையோடு படித்து, அவர்கள் மனத்தைக் கவர்ந்து, பிறகு பொருள் விளக்கினார்.

அதே ஆண்டு அக்டோபரில், கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரை ஐயரவர்கள் சந்தித்தார். தாம் கற்ற நூல்களின் நீண்ட பட்டியலைச் சொன்னபோதும் முதலியார் வியப்படையவில்லை. சீவக சிந்தாமணி போன்ற பழைய காப்பியங்களைப் படித்ததுண்டா என்பதே அவர் கேட்டது. இருபத்தைந்து வயதில் கல்லூரி ஆசிரியர் இருக்கையில் அமர்ந்தவரிடம், கற்க வேண்டியது இன்னும் கடலளவு உள்ளது என்று காட்டிய கேள்வி அது. முதலியார் தந்த கையெழுத்துப் படியைக் கொண்டு ஐயரவர்கள் சிந்தாமணியைப் படிக்கத் தொடங்கினார். தமிழ் விளங்கியது. ஆனால் சமண சமயக் கருத்துகள் வருமிடங்களில் வழி தெரியவில்லை. உரையிலும் அவற்றுக்குப் போதிய விளக்கம் கிடைக்கவில்லை.

அப்போது அவர் நாடியது கும்பகோணத்துச் சமணர்களை. அவர் சென்ற நாளில் அங்கே ஒரு வீடு விழாக்கோலம் பூண்டிருந்தது. பல மாதங்களாகப் படித்துவந்த சிந்தாமணி அன்றுதான் நிறைவெய்தியது என்று அறிந்தார். புலவருலகில் அரிதாகிவிட்ட நூல், சமணர் இல்லங்களில் உயிருள்ள பாராயண நூலாக விளங்குவதைக் கண்டு வியந்தார். சந்திரநாத செட்டியார் முதலிய பெரியோர் அவருடைய ஐயங்களைத் தீர்த்தனர். வந்தவர் வேற்றுச் சமயத்தவர் என்று ஒதுக்கவில்லை. பெரும்புலவர் என்று கூசவுமில்லை. இலக்கணமும் இலக்கியமும் அவருக்குத் தெரியும், தத்துவப் பொருளும் சமய வழக்குகளும் மட்டுமே தெரியவேண்டும் என்பதை அறிந்து, அவற்றை அவருக்கு வேண்டிய அளவில் எடுத்துரைத்தனர். அவர் ஈடுபாட்டைக் கண்டு பவ்ய ஜீவன் என்றே அன்புடன் குறித்தனர். பவணந்தியார் வகுத்த கற்பித்தல் நெறி, அவர் வழிவந்த இல்லறத்தாரிடம் ஏட்டளவில் நில்லாது வாழ்ந்துகொண்டிருந்தது.

ஏடுகளைத் தேடியும் ஒப்பிட்டும் ஏழாண்டு உழைத்ததன் பயனாக 1887இல் சிந்தாமணி வெளிவந்தது. தொடர்ந்து பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும் வெளிவந்தன. 1903இல் ஐயரவர்கள் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றம் பெற்று, 1919இல் ஓய்வுற்றார். 1906இல் மகாமகோபாத்தியாயப் பட்டமும், 1932இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டமும் அவரைச் சேர்ந்தன. பிள்ளையவர்களின் வரலாற்றை இரு பகுதிகளாக எழுதி வெளியிட்டார். முதுமையில் ஆனந்த விகடனில் எழுதிவந்த தம் வரலாற்றில், பெரும்புலவரோடு சேர்த்துச் சிற்றூர் ஆசிரியர்களையும் பெயர் சொல்லிப் போற்றினார். அவ்வரலாறு நிறைவுறுமுன், 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் திருக்கழுக்குன்றத்தில் காலமானார்.

நமக்குரிய பாடம்

அரியலூரில் சுவை, குன்னத்தில் காப்பியம், கார்குடியில் இலக்கணம், செங்கணத்தில் யாப்பு, மாயூரத்தில் பிரபந்தம், கும்பகோணத்துச் சமணர் இல்லங்களில் சமயப் பொருள் என ஒவ்வொரு படியிலும் அவ்வப்போது வேண்டியது கிடைத்தது. இவற்றுள் ஒன்று தவறியிருப்பினும் அவர் வேறொருவராக ஆகியிருக்கக்கூடும். விருப்பமில்லாத பாடத்தில் அச்சிறுவனை அடைத்து வைத்திருந்தால், மந்தன் என்ற பெயரே அவனுக்கு மிஞ்சியிருக்கும். சிந்தாமணி ஏடுகள் நம் பேழைகளில் இன்னும் பல்லாண்டு காத்துக் கிடந்திருக்கும்.

ஒரு மாணவனுக்கு ஓர் ஆசிரியர் என்ற வாய்ப்பு இன்றைய பள்ளிகளில் இல்லை என்று சிலர் கூறலாம். உண்மைதான். நாற்பது பிள்ளைகள் கொண்ட வகுப்பில் ஒவ்வொருவர் மனத்தையும் அறிவது எளிதன்று. எனினும் அதற்கான முயற்சிகள் நடைபெற்று வருகின்றன. தமிழக அரசு 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில், தொடக்க வகுப்புப் பிள்ளைகளை அவரவர் கற்றல் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என மூவகைப்படுத்திப் பாடம் நடத்த வழி செய்யப்பட்டது. நிலையறிந்து கற்பிப்பது பெருவகுப்பிலும் இயலும் என்ற நம்பிக்கையே அதற்கு அடிப்படை.

பள்ளி செய்வது ஒருபுறமிருக்க, பெற்றோர் செய்யத்தக்கது வேங்கடசுப்பையர் செய்ததே. தம் மகன் தம்மைப்போல் ஆகவேண்டும் என்ற ஆசையை அவர் அடக்கிக்கொண்டார். அவன் மனம் எங்கே தானாகச் சென்று நிற்கிறது என்று பார்த்தார். அதற்குரிய ஆசிரியரைத் தேடி நடந்தார். மதிப்பெண் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளைகளை ஒருவரோடொருவர் ஒப்பிட்டு வருந்தும் நம் குடும்பங்கள், இதனை ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நன்று. கணக்கில் தடுமாறும் சிறுமிக்குக் கதையில் நாட்டம் இருக்கலாம். படிப்பில் பின்தங்கிய சிறுவன் ஓசையை நுட்பமாக உணர்பவனாக இருக்கலாம். அந்த நாட்டத்தையே வாயிலாகக் கொண்டால் மற்றவையும் உள்ளே வரும்.

ஆகாரம், ஔஷதம், சாஸ்திரம், அபயம் என்று நம் முன்னோர் கூறிய நால்வகைத் தானங்களுள் சாஸ்திர தானத்துக்கு நாம் நூல்களை அச்சிட்டு வழங்குவதையே பெரிதும் எடுத்துக்காட்டாகக் கொள்கிறோம். பெறுபவரின் திறமறிந்து, அவர் ஏற்கும் வகையில் ஒன்றைக் கற்றுக்கொடுப்பதும் அத்தானமே. வீட்டில் பெரியோர் நாள்தோறும் அரைமணி நேரம் ஒரு குழந்தையோடு அமர்ந்து, அதன் விருப்பமறிந்து ஒரு செய்யுளையேனும் சொல்லிக்கொடுப்பது எல்லாராலும் இயலும். அரியலூரில் வறுமையில் வாழ்ந்த ஆசிரியர் ஒருவர் அதனையே செய்தார்.